பதிவு எண்ணுக்குச் சொந்தக்காரன்

மூக்கண்டப்பள்ளி,
17-3-91, ஞாயிறு.

அன்பு மகள் காவேரிக்கு அப்பா எழுதுவது.

எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. சேலத்தில் வெயில் ஏறியிருக்கும், ஹாஸ்டலில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ராயக்கோட்டையிலிருந்து உன் பெரியப்பா வந்து ஒரு கூடை தக்காளி வைத்துவிட்டுப் போனார். மண்டியில் கேட்பார் இல்லையாம். மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு. இன்னும் நாலு நாள் போனால் என் முகமும் அந்த நிறத்துக்கு வந்துவிடும். வெட்கத்தில் பாதி ஏற்கனவே வந்துவிட்டது.

எனக்கு எல்லாம் தெரியும் காவேரி. உன் அறையில் இருக்கிற செல்வம்மாள் எழுதிவிட்டாள். அந்தப் பெண்ணைத் திட்டாதே. 'அவ வாயத் தெறக்க மாட்டேங்கறா, நீங்களாவது வந்து கேளுங்கப்பா' என்று எழுதியிருந்தாள். யாருக்காக நீ வாயைத் திறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உங்கள் லெக்சரர் அம்மா இரண்டு விடைத்தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்களாம். ஒன்று நீ டிசம்பரில் கொடுத்த அசைன்மெண்ட். மற்றது அதே கேள்விகளுக்குத் தபால் வழியில் பி.ஏ. படிக்கிற யாரோ ஒருவர் அனுப்பியது. அவர்கள் தபால் படிப்புத் தாளும் திருத்துவார்கள் என்று நான் கண்டேனா? தமிழ்நாட்டில் இத்தனை காலேஜ் இருக்க, என் தாள் நேராக அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் தாளில் பெயர் கிடையாது, பதிவு எண் மட்டும்தான். 'இந்த எண் யாருடையது, யாருக்கு எழுதிக் கொடுத்தாய்' என்று கேட்டால் நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாயாம். பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டால் பெயர் தெரிந்துவிடும், ஆனாலும் நீயே சொல்ல வேண்டும் என்று வரும் வெள்ளிக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி வரை பொறுத்திருக்கிறார்களாம். சொல்லாவிட்டால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் இல்லையாம்.

அதே வாரம் நீ எனக்கு எழுதிய கடிதத்தில், 'நீங்க எத்தனாவது பாடத்துல இருக்கீங்கப்பா, புரியலன்னா எழுதுங்க' என்று இருந்தது. அதை இப்போது எடுத்துப் படிக்க முடியவில்லை.

பொங்கலுக்கு வந்தவள் அந்த அசைன்மெண்டை எழுதிப் பார்த்த நோட்டை என்னிடம் விட்டுப் போகும்போது, 'வழி தெரியலன்னா மட்டும் பாருங்க, அப்படியே எழுதிடாதீங்க' என்றாய். நானும் பெரிய படிப்பாளி மாதிரித் தலையை ஆட்டினேன். அனுப்ப இரண்டு நாள்தான் இருந்தது. ஐந்து கேள்வியையும் முக்கால் மணி நேரத்தில் இறக்கிவிட்டேன். மிஷினில் ஒரு பீஸை முன்னால் வைத்துக்கொண்டு அதே மாதிரி அடுத்த பீஸ் செய்து பழகின கை இது. அளவு ஒரு நூல் பிசகவில்லை. உன் தப்பும் பிசகாமல் வந்துவிட்டது.

மூன்றாவது கணக்கைச் சொல்கிறேன். தக்காளி கிலோ நாலு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய்க்கு இறங்குகிறது. நூறு கிலோ விற்ற இடத்தில் நூற்றிருபது கிலோ விற்கிறது. தேவை நெகிழ்ச்சி எவ்வளவு? விற்பனை ஏறிய இருபது சதவீதத்தை விலை இறங்கிய ஐம்பது சதவீதத்தால் வகுக்க வேண்டும். நீ அவசரத்தில் ஐம்பதை இருபதால் வகுத்து இரண்டரை என்று போட்டு, விலை குறைந்தால் ஜனங்கள் மிக அதிகமாக வாங்குவார்கள் என்று முடித்துவிட்டாய். நானும் அதையே எழுதினேன். நான் தக்காளிக் காட்டில் பிறந்தவன் அம்மா! விலை பாதியாகிவிட்டது என்று எவன் வீட்டிலாவது இரண்டரை மடங்கு ரசம் வைப்பார்களா? விற்காமல் உன் பெரியப்பா ரோட்டோரத்தில் கொட்டிவிட்டு வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். பொருளாதாரத்திலேயே எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அது. அதையும் பார்த்து எழுதினேன்.

இதைவிடப் பெரியது ஐந்தாவது கேள்வி. வாய்ப்புச் செலவு என்றால் என்ன, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் தருக. நாற்பத்தாறு வயது மனிதன் அதில் 'என் அப்பா ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போகும்போது' என்று தொடங்கியிருக்கிறான். என் அப்பா ஞாயிறு திங்கள் தெரியாமல் ஏர் ஓட்டியவர், போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது. இரண்டு தாளிலும் அதே அப்பா, அதே ஓவர்டைம். லெக்சரர் அம்மா அங்கேதான் பிடித்திருக்கிறார்கள். செல்வம்மாள் எழுதியதைப் படித்தபோது நான்கூடச் சிரித்துவிட்டேன். பிறகு உன் நோட்டை எடுத்து மீதியைப் படித்தேன்.

'அவருக்குக் கிடைப்பது இரட்டைச் சம்பளம். அதற்காக அவர் விடுவது ஓய்வு என்று அவர் நினைக்கிறார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் எங்களோடு பேசக்கூடியது. அந்தச் செலவு அவர் கணக்கில் வராது, எங்கள் கணக்கில்தான் வரும்.'

இதை என் கையால் எழுதியிருக்கிறேன் காவேரி. எழுத்து எழுத்தாக, புள்ளி விடாமல். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதை மறைத்தால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். செல்வம்மாள் கடிதம் வந்தது ஆறாம் தேதி. இன்றைக்குப் பதினேழு. இத்தனை நாளும் அது என் சட்டைப் பையில் இருந்தது. பட்டப்படிப்பு படிக்கிறவர்களில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலைக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியலைப் பதினைந்தாம் தேதி ஒட்டுவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அது ஒட்டட்டும், அப்புறம் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன். ஒட்டினார்கள். என் பெயர் மூன்றாவது. பக்கத்து மிஷின் முனிவேல், 'பி.ஏ. அண்ணே, இனிமே நம்ம பக்கம் திரும்பிப் பார்ப்பீங்களா' என்று ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினான். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என் டீயையும் முனிவேலிடமே நீட்டிவிட்டேன்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. 'அந்தப் புள்ள அங்க தனியா நின்னுட்டு இருக்குது. நீங்க பத்து நாளா சோறு தின்னுட்டு இருந்தீங்களே' என்று மட்டும் சொன்னாள். இன்று காலை என் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.

புதன்கிழமை லீவு சொல்லிவிட்டேன். காலை முதல் பஸ்ஸில் கிளம்பினால் பதினொரு மணிக்குள் காலேஜில் இருப்பேன். பதிவு அட்டையும் உன் நோட்டும் கையில் இருக்கும். இந்த எண் என்னுடையது, இவள் எனக்கு எழுதித் தரவில்லை, நான் பார்த்து எழுதினேன் என்று லெக்சரர் அம்மாவிடம் சொல்லி, எழுதியும் கொடுத்துவிடுவேன். என் பெயரைப் படிப்பிலிருந்து எடுத்தாலும் எடுக்கட்டும். மிஷின் என்னை இதுவரை பி.ஏ.வா என்று கேட்டதில்லை. வராதீர்கள் என்று பதில் போடாதே, போட்டாலும் நான் கிளம்பிய பிறகுதான் வந்து சேரும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் பேசும்போது நீ வகுப்பிலேயே இரு, கூட வந்து நிற்காதே. நீ பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வாய் வராது, ஏதாவது ஜோக் அடித்துத் தப்பிக்கப் பார்ப்பேன். பேசி முடித்துவிட்டு வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். எத்தனை மணியானாலும் வகுப்பு முடிந்த பிறகு வா. வர மனசில்லை என்றால் வேண்டாம், அதற்கும் உனக்கு உரிமை உண்டு. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும் வரை அங்கேதான் இருப்பேன்.

பரீட்சையை நன்றாக எழுது தாயே. நீ நல்லா இருக்கணும்.

உன் அப்பா,
சென்னப்பன்