தூங்கிக்கொண்டே வந்த கூட்டம்

1932, மாசி மாதம், வியாழக்கிழமை.

எங்கள் போலீஸ் இன்ஸ்பெக்டர் மோட்டார் கார் வாங்கியதிலிருந்து இந்த ரோட்டில் மாடு நடப்பதே குற்றமாகிவிட்டது. ஒவ்வொரு வண்டியிலும் விளக்கு எரிய வேண்டும் என்று உத்தரவாம். இன்று விடியுமுன்னே பொள்ளாச்சிச் சந்தைக்குத் தேங்காய் ஏற்றிப்போன பதினான்கு வண்டிகளில் முதல் வண்டியில் மட்டும்தான் லாந்தர் தொங்கியது. எப்போதும் அப்படித்தான். முன்வண்டிக்காரன் விழித்திருப்பான். மற்றவர்கள் தூங்குவார்கள். மாடுகள் முன்வண்டியைப் பார்த்து நடக்கும்.

இது தெரியாத மகானுபாவர், மற்ற வண்டிகளில் விளக்கில்லை என்று விளக்குள்ளவனைப் பிடித்து, அவன் வண்டியை ஸ்டேஷனுக்குத் திருப்பினார். பின்னாலேயே பதின்மூன்று வண்டியும் வந்து வாசலை அடைத்துக்கொண்டன. முன்னால் நுழைந்திருந்த அவருடைய மோட்டார் உள்ளே மாட்டிக்கொண்டது.

"எவன்டா கூட்டம் சேர்த்தது?" என்று கத்தினார்.

"ஆரும் சேர்க்கலீங்க சாமி. அவிய எல்லாம் தூங்கறாங்க. என்ற வண்டியத் திருப்பி உட்டீங்கன்னா அதுகளும் பொறகால வந்துருமுங்க," என்றான் முன்வண்டிக்கார மாரப்பன்.

வண்டிக்காரன் சொல்லிச் சர்க்கார் கேட்பதா? தூங்கியவர்களை எழுப்பி அவனோடு லாக்கப்புக்குள் தள்ளினார். ஸ்டேஷனை முற்றுகையிட்டதாகக் கேஸ் எழுதச் சொன்னார். ஸ்டேஷன் ரைட்டர் நான்தானே.

"என்ன கோஷம் போட்டார்கள் என்று எழுதட்டும், ஐயா?" என்றேன்.

"நீயே போட்டுக்கொள்," என்றார் அந்தச் சூரர்.

குறட்டை என்று எழுதக் கை துறுதுறுத்தது. 'சர்க்கார் ஒழிக' என்று எழுதினேன்.

எழுத்து வாசனையில்லாத மாரப்பன், ஏதோ நல்லது எழுதுகிறேன் என்று நினைத்து, கம்பிக்குள்ளிருந்து என்னைக் கும்பிட்டான்.