உன் அம்மாவைக் கேட்காத ஓட்டு

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவின் இருமலைத் தவிர. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாயா?

அம்மாடி, நீ கடல் தாண்டிப் போய்ப் படிக்கிற நியாய தர்மப் படிப்பு நம் சோபாப் பட்டறைக்குள்ளேயே புகுந்து வேலையைக் காட்டிவிட்டது. தையல் மெஷினோடு ரேடியோவும் அலறினால் தலை பிளக்கிறது என்று உன் அம்மா சொன்னார், அவ்வளவுதான். உடனே சின்ன முதலாளி, காலேஜில் அரைகுறையாகக் கேட்டதை வைத்துக்கொண்டு, எதில் நிறையப் பேருக்கு நிறையச் சந்தோஷமோ அதுதான் நியாயம், மேதைகளே சொல்லியிருக்கிறார்கள் என்று கை தூக்கச் சொல்லியிருக்கிறான். நான் சோபா இறக்கப் போயிருந்த நேரம் பார்த்து! ரேடியோ ஜெயித்தது, உன் அம்மாவின் மெஷின் ஜன்னலே இல்லாத பசை அறைக்குப் போனது. அவரை ஏன் கேட்கவில்லை என்றால், அவரைப் பற்றித்தானே ஓட்டு, அவருக்கு எதற்கு ஓட்டு என்கிறான்!

எனக்கு வந்ததே கோபம், நான் போட்ட சத்தத்தில் தகரக் கூரை எழும்பி இறங்கியது. நீ போனில் சொன்னதை வைத்தே மடக்கினேன். நீ சொன்ன அந்த மேதைகளில் முதல் ஆள், வக்கீலுக்குப் படித்தவர், தலையை எண்ணு என்றா சொன்னார்? சுகத்தையும் வலியையும் நிறுத்துப் பார், எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம் என்று பார், யாரானாலும் கணக்கில் ஒருத்தர் ஒருத்தர்தான் என்றார். அவருடைய சிநேகிதர் மகன், இரண்டாவது ஆள், சுகத்திலேயே உசத்தி, மட்டம் என்று உண்டு, கூட்டமாகச் சேர்ந்து ஒருத்தரை நசுக்குவதும் கொடுங்கோல்தான் என்றார். இரண்டு பேரும் என் தோளில் கை போட்டுச் சொன்ன மாதிரியே பேசினேன், பட்டறையே வாயைப் பிளந்தது. வலியை நிறுக்கத் தராசு எங்கே மேஸ்திரி என்று சின்ன முதலாளி நக்கலடித்தான். பசை அறைக்குள்ளே போய் உட்காருங்க தம்பி, நீங்கதான் தராசு என்றேன். ரோஷத்தில் போனவன் பசை நெடியில் கண்ணீர் கொட்ட இருமிக்கொண்டே வந்தான், பட்டறை மொத்தமும் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று, சரி, நான் ஒருத்தன் பிடித்தேன். அன்றைக்கே மெஷின் ஜன்னலோரம் வந்தது, ரேடியோவும் முணுமுணுப்பாகிவிட்டது.

ஆனால் கேள், நேற்று உன் அம்மாவே எழுந்துபோய் ரேடியோவை ஒரு திருகு கூட்டி வைக்கிறார்! என்ன அண்ணி இது என்று கத்தினேன். மத்தவங்க முகமும் வாடிக் கிடக்குதே, இந்த அளவுக்கு எனக்குத் தாங்கும், கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன், யாரும் கேக்கலையே என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீ நூறு வயது நன்றாக இரு. படித்ததில் பாதியையாவது மறக்காமல் இரு. இருமல் விஷயத்தை நான் எழுதியதாகச் சொல்லாதே. போன் பண்ணும்போது உன் கதையை ஆரம்பிக்காமல் முதலில் அவரைக் கேள்.

ஆசிகளுடன்,
இன்னும் கோபம் தணியாத
உன் சித்தப்பா