ஐஸ்காரி எழுதுவது

அன்புள்ள என்னங்க,

நானும் பையனும் நலம். இந்த முறை வழக்கத்துக்காக அப்படி எழுதவில்லை. அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உங்கள் கிரேன் போடுகிற சத்தத்தில் பாதி காதில் விழாது, மீதியைச் சொல்வதற்குள் நான் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

முதலில் உங்கள் மகன் செய்தி. இரண்டு மாதம் முடிந்துவிட்டது. பால் குடிக்கிற மடக் மடக் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கிறது. என் விரலைப் பிடித்தால் விடுவேனா என்கிறான். மூக்கு உங்களுடையது. கோபமும் உங்களுடையதுதான், என் தலையெழுத்து.

நீங்கள் லீவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஆள் பற்றாக்குறை என்கிறீர்கள். நானும் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். ஏன் வர மறுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் மீன் பேக்கிங் கூடத்தில் எல்லோரும் ஐஸ் தின்கிறவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மீனுக்குக் கொட்டுகிற ஐஸ் இல்லை, குடிதண்ணீர் டிரம்மில் போடுகிற ஐஸ். மாசமாக இருக்கிறவளுக்குத்தான் முதல் கைப்பிடி. அது அங்கே ஒரு மரியாதை. முதல் பிள்ளையைச் சுமந்தபோது நான் நறநறவென்று கடிப்பதைப் பார்த்துத்தான் நீங்கள் எனக்கு ஐஸ்காரி என்று பெயர் வைத்தீர்கள். மசக்கை என்றே எல்லோரும் நினைத்தோம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியதையும் மசக்கை கணக்கிலேயே சேர்த்துவிட்டோம்.

இந்த முறை மாசமானபோது, வயிற்றில் இருக்கிறவன் நன்றாக இருக்கிறானா என்று கேட்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா, அவனை அப்புறம் பாக்கலாம், மொதல்ல உங்களைப் பாக்கணும் என்று சொல்லி, என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஐஸ் ஏதாச்சும் தின்னணும்னு தோணுதா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடத்திலிருந்து யாரோ போய் வத்தி வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்!

ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தால் சிலருக்கு அப்படித்தான் நாக்கு ஐஸ் கேட்குமாம். மாத்திரை கொடுத்தார்கள், அது போதாமல் பாட்டில் வழியாகவும் ஏற்றினார்கள். சத்து மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மட்டும் உங்களிடம் சொன்னேன், வீணாகப் பதறுவீர்கள் என்று. கொஞ்ச நாளில் மேஸ்திரி அக்கா வழக்கம்போல ஐஸை நீட்டினாள். வேண்டாம்க்கா என்று சொன்னது என் வாய்தானா என்று எனக்கே ஆச்சரியம். அவள் பதறிப்போய், என்னடி, உடம்பு கிடம்பு சரியில்லையா என்றாள். இப்போது கூடத்தில் ஒருத்தி இமையை இன்னொருத்தி இழுத்துப் பார்ப்பதுதான் வேலை. அக்காவே மாத்திரை வாங்கித் தின்கிறாள்.

நான் மூச்சு வாங்காமல் படியேறத் தொடங்கிய பிறகு அவனும் உள்ளே ஓங்கி உதைக்க ஆரம்பித்தான். நான் தின்ற முட்டைதான் அவன் குதிகால், என் ரத்தம்தான் அவன் விரல் நகம். தினமும் குளிப்பாட்டும்போது அந்த நகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், தண்ணீர் ஆறிவிடுகிறது. என் உடம்பா இதைச் செய்தது?

இனி உங்கள் விஷயம். முதல் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வழியில் மழை பிடித்தது. நீங்கள் ஸ்கூட்டரை நிறுத்தாமல் ஓட்டினீர்கள். அடுத்த வாரம் அவன் போய்விட்டான். கேட்டவர்களிடம் எல்லாம் நமக்குக் கொடுத்து வைக்கல என்று சொன்னீர்கள். ஸ்கூட்டரை ஏன் விற்றீர்கள் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. இவனைத் தூக்கப் பயந்துகொண்டுதான் அங்கேயே கிடக்கிறீர்கள்.

அந்த மழையால்தான் போனானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் புள்ள நாளும் நிறையாம எடையும் இல்லாமப் பொறந்திருக்கான், அவனுக்குக் கொடுக்க உங்க உடம்புலயே ஒண்ணும் இல்ல, ஒரு மழையில நனஞ்சதால போனவன் இல்லம்மா என்றார். அப்ப உங்களை யாரும் பாக்கல, தப்பு உங்க ரெண்டு பேர் மேலயும் இல்ல என்றார். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் தடவை எனக்கு. இரண்டாம் தடவை உங்களுக்கு.

வாருங்கள். எங்களுக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம். இவனை ஆளுக்கொரு செல்லப் பெயரில் கூப்பிடுகிறார்கள். நான் சின்னவன் என்று கூப்பிடுகிறேன். அப்படிக் கூப்பிட்டால்தானே நமக்குப் பெரியவன் ஒருத்தன் இருந்தான் என்பது நிற்கும். நீங்களும் வந்து ஒரு தடவை அப்படிக் கூப்பிடுங்கள். பிறகு ஒரு ஸ்கூட்டர் வாங்குவோம். மழை வந்தால் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம்.

வயிறாரச் சாப்பிட்டுவிட்டு எழுதும்
உங்கள் ஐஸ்காரி