எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன், மதினி

சண்டை போடும்போதுகூட என்னைத் ‘தனம்மா’ என்றே கூப்பிட்ட என் மதினிக்கு,

நீங்கள் கொடுத்த வாட்ச் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. தீபாவளி சீசன் முடிந்து உங்கள் பட்டாசுக் கம்பெனியில் வைத்த குலுக்கலில் உங்களுக்கு விழுந்தது. தீப்பொறிக்குப் பயந்து செல்போனையே கேட்டில் வாங்கி வைத்துக்கொள்கிற இடத்தில், பேட்டரி வாட்ச்சைப் பரிசாகக் கொடுத்த புத்திசாலிகளை என்ன சொல்ல!

“இதக் கட்டிக்கிட்டு நான் வெடிமருந்துல கை வைக்கவா? நீ கட்டு தனம்மா. பிரஸ்ல உக்காந்தே கெடக்கேல்ல, கொஞ்சம் நட” என்று நீங்களே என் கையில் மாட்டிவிட்டீர்கள். நான் கண்மாய்க் கரையில் நடந்துவிட்டு வந்து, எத்தனை கிலோமீட்டர், இதயம் எவ்வளவு துடித்தது என்று படித்துக் காட்டினால் அப்படிச் சிரிப்பீர்கள். “நெஞ்சு துடிக்கிறதக்கூட வாட்ச்சு சொல்லித்தான் தெரியணுமா ஒனக்கு?”

அன்றைக்கு விஸ்வநத்தம் பக்கம் சத்தம் கேட்டபோது நான் பிரஸ்ஸில் அச்சடித்த லேபிள் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் அதிர்ந்தது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். “சாம்பிள் வெடிதான்” என்றேன். நான்தான் சொன்னேன், மதினி. புதுச் சரக்கை வெடித்துப் பார்க்கிற சத்தத்திலேயே வளர்ந்தவர்கள் நாம். அதனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. யாரோ வந்து உங்கள் கம்பெனி பேரைச் சொன்ன பிறகுதான் ஓடினேன்.

ரோட்டைச் சுற்றாமல் கருவேல முள்ளுக்குள் விழுந்து ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று தெரியாது. கேட்டை அடைந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிப் போயிருந்தது. உங்கள் கூட வேலை பார்த்த மாரியம்மாக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “இப்பத்தான தூக்கிட்டுப் போறாக! தனம் வந்துட்டாளா, தனம் வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சே!”

மதுரை ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நீங்கள் இருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் என் போனைத் திறந்து பார்த்தேன். அந்த ஓட்டத்தை வாட்ச் தானாகவே பதிந்து வைத்திருந்தது. முள்ளுக்காட்டைக் கிழித்துக்கொண்டு போகிற ஒரு சிவப்புக் கோடு. மேலே ஒரு கோப்பைப் படம். ‘உங்கள் மிக வேகமான ஓட்டம். வாழ்த்துகள்!’ போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. அதற்குள் அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டார்.

இப்போது துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுகிறார். “சத்தம் கேட்ட ஒடனே எந்திரிச்சு ஓடியிருக்கா பாருங்க. எம்புட்டு வேகம்!” அதைச் சொல்லும்போது மட்டும்தான் அவர் முகம் கொஞ்சம் தெளிகிறது.

அண்ணன் பார்க்காத பக்கம் ஒன்று இருக்கிறது. இதயத் துடிப்புக் கோடு. சத்தம் கேட்ட நேரத்தில் எழுபதிலிருந்து நூற்று முப்பதுக்குப் போகிறது. எட்டு நிமிடம் இறங்கவே இல்லை. அந்த எட்டு நிமிடத்துக்கும் நடந்த அடிகள் பூஜ்யம். அப்புறம்தான் சிவப்புக் கோடு ஆரம்பிக்கிறது. என் நெஞ்சுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது, மதினி. வாட்ச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த எட்டு நிமிடம் முந்தி வந்திருந்தால் உங்கள் கையைப் பிடித்திருப்பேனா? என்னிடம் என்ன சொல்ல நினைத்தீர்கள்?

அந்தப் பக்கத்தை அழித்துவிடலாம் என்று பலமுறை விரல் போனது. நேற்று சாத்தூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், அண்ணன் சொன்னதைக் கேட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு உடம்பு கூசிவிட்டது. இனியும் இந்தப் பொய்யைச் சுமக்க என்னால் முடியாது. ஆனால் இதைச் சொன்னால் அண்ணனுக்கு மிச்சமிருக்கிற அந்த ஒரு ஆறுதலும் போய்விடுமே?

இதோ, உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வாட்ச் நூற்று இருபத்தொன்று காட்டுகிறது. வாசலில் அண்ணன் வண்டிச் சத்தம் கேட்கிறது. அவரிடம் காட்ட, போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். இனி எந்தச் சத்தத்தையும் சாம்பிள் என்று சொல்லி உட்கார்ந்திருக்க மாட்டேன், இது உங்கள் மேல் சத்தியம்.

எழுந்துவிட்டேன், மதினி.

நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்த,
உங்கள் நாத்தனா தனம்