ஒரே நிறத்தில் இரண்டு புடவைகள்

என் அன்புக்கும் அதைவிட அதிகமாக என் பொறாமைக்கும் உரிய தனலட்சுமி அக்காவுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. பாலக்கரை வீடு அப்படியேதான் இருக்கிறது. முசிறியிலிருந்து நம் மண்டிக்கு வாழைத்தார் லோடு விடிவதற்குள் வந்து இறங்கிவிடுகிறது. அரிசிக்குத்தான் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. மாமியார் என்னைத் திட்டும்போதுகூட உங்கள் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறார். "தனம் இருந்தா ரசத்த இப்படியா வைப்பா?" என்கிறார். செத்த பிறகும் இந்த வீட்டின் நல்ல மருமகள் நீங்கள்தான். நான் எத்தனை வருஷம் உயிரோடு இருந்தாலும் இரண்டாவதுதான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நேரில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எனக்கே போன வாரம்தானே தெரிந்தது?

நயா பைசா வந்த வருஷம் ரெங்கன் பிறந்தான். பெற்றது நான். பெயர் வைத்தது நீங்கள். உங்கள் அம்மாவீடு ஸ்ரீரங்கம், பெருமாளுக்கு வேண்டிக்கொண்டது நீங்கள், அதனால் ரெங்கன். ஜீயபுரத்தில் என் அப்பா வேறொரு பெயரை நினைத்து வைத்திருந்தார். அதை யாரும் கேட்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகப் பிள்ளையில்லாத ஓரகத்தி வேண்டிக்கொண்ட பெயரை மாற்றச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது அக்கா, வயிற்றெரிச்சல்.

பால் குடிப்பது என்னிடம், தூங்குவது உங்களிடம் என்று அவன் பங்கு பிரித்துக்கொண்டான். வயிறு நிறைந்ததும் என் மடியில் நெளிவான். உங்கள் குரல் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் கையை நீட்டுவான். நீங்கள் தோளில் போட்டு, முதுகில் தட்டி, "ரெங்கா... ரெங்கா..." என்று இரண்டு நடை நடந்தால் போதும், தலை சாய்ந்துவிடும். நானும் அதே மாதிரி தட்டினேன். அதே மாதிரி நடந்தேன். என் தோளில் அலறினான். நீங்கள் ஓடி வந்து வாங்கிக்கொண்டு, "பால் வாசன அடிக்குதுல்ல, உங்கிட்ட விளையாடத்தான் தோணும்" என்று எனக்கு ஆறுதல் சொல்வீர்கள். அந்த ஆறுதலைக் கேட்கும்போது உங்களை அடிக்கலாம் போலிருக்கும்.

ஏழாம் மாதம் எடை பார்க்கப் போனபோது நர்சம்மாவிடம் கேட்டேன். "கண்ணு சொக்கும்போதே படுக்க வையிங்க. முழுசா தூங்குனப்புறம் இல்ல. பக்கத்துலயே உக்காருங்க. அழுதா உடனே தூக்காதீங்க, லேசா தட்டிக் குடுங்க. தினம் ஒரே நேரம், ஒரே எடம். நாலஞ்சு நாள்ல தானா தூங்கப் பழகிடுவான்" என்றார். கிளம்பும்போது, "அம்மா கட்டுன புடவையைத் துவைக்காம அப்படியே தூளியா கட்டுங்க, அந்த வாசனைக்கே அடங்கிடும்" என்றும் சொன்னார்.

பிள்ளை நன்றாகத் தூங்க வேண்டும் என்றுதான் கேட்டேன் என எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடம் இனி எதற்கு மறைக்க வேண்டும்? என்னிடம் தூங்காதவன் உங்களிடமும் தூங்கக்கூடாது என்பதுதான் என் எண்ணம். அவன் தனியாகத் தூங்கிவிட்டால் இரண்டு பேரும் சமம் இல்லையா?

நல்ல நேரமாக உங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஸ்ரீரங்கத்திலிருந்து ஆள் வந்தது. அன்று நீங்கள் புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஏறியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாசலில் ரெங்கனை என் கையில் கொடுத்துவிட்டு, "மத்தியானம் தூங்கலன்னா யாரையாவது அனுப்பு, வந்துடுறேன்" என்றீர்கள். யாரையும் அனுப்புவதாக இல்லை நான்.

அந்தத் தீபாவளிக்கு மாமியார் நம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி உறையூர் நூல் புடவை எடுத்திருந்தார் அல்லவா? பாக்கு நிறம், மஞ்சள் கரை. மருமகள்களுக்குள் சண்டை வரக்கூடாது என்று இந்த வீட்டில் எப்போதும் எல்லாம் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். கட்டிய முதல் வாரமே நான் வாழைப்பூ ஆயும்போது கறைபட்டுவிட்டது. வாழைக்கறை போகுமா? மாமியார் பார்த்துவிடுவாரே என்று நான் கண்ணைக் கசக்கியபோது, "அந்த மொனைய உள்பக்கமா சொருகிக்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். அந்தக் கறை நம் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

நீங்கள் போன அன்று மத்தியானம் கொடியில் அந்தப் பாக்கு நிறப் புடவை கிடந்தது. முந்தின நாள் நான் உடுத்தி அவிழ்த்துப் போட்டது என்று நினைத்து, அப்படியே எடுத்து உத்தரத்தில் தூளி கட்டினேன்.

முதல் நாள் அழுதே தீர்த்தான். தூக்கவில்லை. தூளிமேல் கையை வைத்துக்கொண்டு, என் கண்ணையும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அழுகை பாதியாகக் குறைந்தது. ஐந்தாம் நாள் உள்ளே போட்டதும் துணியில் கன்னத்தை இப்படியும் அப்படியும் தேய்த்தான், இரண்டு விரலை வாயில் வைத்தான், தூங்கிவிட்டான். ஆட்டவில்லை, தட்டவில்லை, ரெங்கா ரெங்கா இல்லை. என் புடவை, என் வாசனை. அன்று என்னைவிடச் சந்தோஷமானவள் திருச்சிராப்பள்ளியில் யாரும் இருந்திருக்கமாட்டாள்.

பத்தாம் நாள் நீங்கள் வந்தீர்கள். கை கால் கழுவியதும் நேராக அவனைத் தேடி வந்தீர்கள். நான் எழுந்து போய் நிலைப்படியிலேயே மறித்தேன்.

"அக்கா, உள்ள வராதீங்க. இப்ப தானாவே தூங்குறான். நீங்க தூக்குனா மறுபடி கைப்பழக்கம் ஆயிடும்."

நீங்கள் தூளியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எந்தப் புடவையில கட்டுன?" என்று கேட்டீர்கள்.

"என் புடவையிலதான். வேற யாரு புடவையில கட்டுவாங்க?"

"ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு அவனைத் தூங்க வைக்க நீங்கள் கை நீட்டியதே இல்லை. மத்தியான வேளையில் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிலைப்படி வரை வருவீர்கள், நிற்பீர்கள், போய்விடுவீர்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதோடு விட்டேனா? தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் போய், "எம்பையன் ஏழு மாசத்துலயே தானா தூங்குனான்" என்று நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே பெருமை அடித்தேன். "ஆமா, சரோஜா நல்லாப் பழக்குனா" என்று நீங்களும் ஒத்து ஊதினீர்கள். தூளி நைந்த பிறகு அந்தப் புடவையைக் கிழித்துக் கரித்துணி ஆக்கினேன். அதில் சோற்றுப் பானை பிடித்து இறக்கியது நீங்கள். உங்கள் ஜோடிப் புடவையை ஏன் கட்டுவதே இல்லை என்று ஒரு நாள் கேட்டபோது, "உன்னோடது தூளியாயிடுச்சு. நான் மட்டும் கட்டுனா நல்லாவா இருக்கும்?" என்றீர்கள். என்ன நல்ல மனசு என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இப்போது ரெங்கனுக்கு ஏழு வயசு. மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோன நாளிலிருந்து அவன் சரியாகத் தூங்கவில்லை. தானாகத் தூங்கப் பழகியவன்தானே என்று விட்டுப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுப் படுப்பான், உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பான். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறான் என்று வாத்தியார் சொல்லி அனுப்பினார். நான் தோளில் சாய்த்துக்கொண்டால் மறுக்கவில்லை. ஆனால் தூங்கவும் இல்லை. போன வாரம் கேட்டான்.

"அம்மா, பெரியம்மா பொடவ ஒண்ணு குடேன். போத்திக்கிறேன்."

சுருக்கென்றது. இருந்தாலும் உங்கள் பெட்டியைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் பாக்கு நிறப் புடவை மடித்துக் கிடந்தது. உதறினேன். உள்சொருகும் முனையில், உள்ளங்கை அகலத்துக்கு, வாழைக்கறை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நீங்கள் ஸ்ரீரங்கம் போன அன்று என் புடவை சலவைக்குப் போயிருந்தது. நான்கு நாள் கழித்து வெளுத்து வந்ததை, நீங்கள் விட்டுப்போனது என்று நினைத்துக் கொடியில் போட்டேன். அப்படியானால் தூளியில் கட்டியது நீங்கள் பஸ் ஏறுமுன் அவிழ்த்துப் போட்டது. ஐந்தாம் நாள் அவன் கன்னத்தைத் தேய்த்தது உங்கள் புடவையில். என் வாசனை என்று நான் கொண்டாடியதெல்லாம் உங்கள் வாசனை.

நீங்கள் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பீர்கள். கொடியில் கறைப் புடவையைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். ஏன் அக்கா சொல்லவில்லை? ஒரு வார்த்தை போதுமே, என் வீறாப்பு அங்கேயே இறங்கியிருக்குமே? பாவம், அவளாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டீர்களா? இல்லை, நிலைப்படியில் நிற்கும்போதெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டீர்களா? நான் ஜெயித்த ஒரே ஒரு விஷயத்தையும் இப்படிச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்களே!

அழுது முடித்தபோது ரெங்கன் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டான். என் கையில் இருந்ததைப் பார்த்தான். "பெரியம்மா பொடவயா?" என்றான். இல்லைடா, இது அம்மாவோடது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் வாங்கி முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"பெரியம்மா வாசன வருதும்மா."

என் புடவை அக்கா! என் கறை! ஆனால் அன்று சாப்பிட்டுப் படுத்தவன் அதைப் போர்த்திக்கொண்டு, கன்னத்தை இப்படியும் அப்படியும் தேய்த்து, நான் விளக்கைத் தணிப்பதற்குள் தூங்கிப்போனான். எட்டு நாளாகத் தினமும் அப்படித்தான் தூங்குகிறான். நான் நிலைப்படியில் நின்று பார்க்கிறேன். என் புடவையில்தான் தூங்குகிறான், உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு. வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் கூடவே இன்னொன்றும் இருக்கிறது, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. நீங்கள் அன்றைக்கு நிலைப்படியில் நின்றது இதற்காகத்தானா?

நேற்று எதிர்வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்து, "தானா தூங்க எப்படிக்கா பழக்குனீங்க?" என்று கேட்டாள். நர்சம்மா சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். புடவை விஷயம் வந்ததும் நிறுத்தினேன். பிறகு, "புள்ளைக்கு யாரு மேல உசுரோ, அவங்க கட்டுன புடவையில கட்டும்மா. அது நீயா இல்லன்னாலும் பரவாயில்ல" என்றேன். எனக்கா இவ்வளவு பெரிய மனசு என்று எனக்கே ஆச்சரியம்.

ஒரு சத்தியம் செய்கிறேன் அக்கா. அது யார் புடவை என்று ரெங்கனிடம் நான் சொல்லமாட்டேன். நீங்கள் ஆறரை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தீர்கள். நான் ஏழு வருஷம் இருந்து காட்டுகிறேன். இதிலாவது உங்களைவிட ஒரு படி மேலே நிற்க விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஓரகத்தி,
நம் ரெங்கனின் அம்மாக்களில் இளையவள்,
சரோஜா