துணை வகுப்பை மூடுவதற்கு முன்

ஜூன் 3

அன்புள்ள குண்டூசிக்கு,

நலமா? ஹாஸ்டலில் இந்தப் பட்டப்பெயர்களோடு ஒரே அறையில் இருந்தபோது நினைத்த நேரத்தில் உன்னோடு சண்டை போடலாம். நான் பல்கலைக்கழகத் தலைமை அலுவலகத்துக்கு வந்த பிறகு கடிதத்தில்தான் போட வேண்டியிருக்கிறது.

கணக்கில் தடுமாறுகிற முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியலோடு சேர்த்து நீ நடத்துகிற துணை வகுப்பை நிறுத்திவிடலாம் என்று இங்கே பாடத்திட்டக் குழுவில் பேச்சு. பரிந்துரை எழுத வேண்டியவள் நான். மார்க்கைப் பார்த்தேன். உன் வகுப்புக்கு வந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் வாங்கியிருக்கிறார்கள். பயனில்லை என்றுதானே அர்த்தம்? கோபப்படாதே. கற்றல் நோக்கங்களையாவது திருத்தி அனுப்பு. எல்லா வரியும் 'புரிந்துகொள்வார்' என்றே முடிகிறது. புரிந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது?

உன்
கடிகாரம்

ஜூன் 9

அடி கடிகாரம்,

கோபப்படாதே என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும் என்று உனக்குத் தெரியும். நன்றாகவே வந்தது.

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்குத் தெருவில் நடப்பவர்களைவிடக் காய்ச்சல் அதிகம். அதற்காக ஆஸ்பத்திரியை இழுத்து மூடுவாயா? தடுமாறுகிறவர்களாகப் பொறுக்கித்தானே என்னிடம் அனுப்புகிறீர்கள்? முதல் வாரமே நடத்துகிற பாடம் இது. தங்க மெடல் வாங்கினவளே, மூளையை எங்கே கழற்றி வைத்தாய்? இடம் போதாமல் சீட்டுக் குலுக்கிச் சிலரைத் திருப்பி அனுப்பினோம். அவர்களும் இவர்களைப் போலத் தடுமாறியவர்கள்தான். அவர்களோடு ஒப்பிடு. நான் பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு தெம்பு.

'புரிந்துகொள்வார்' பற்றி நீ சொன்னது சரி. மாற்றிவிட்டேன். இனி மாணவர், வரைபடத்தில் என்ன இருக்கிறது என்று வீட்டாருக்கு விளங்கும்படி சொல்வார். விடை வந்ததும், இது நடக்கக்கூடியதா என்று யோசிப்பார். டாக்ஸி ஓட்டுகிற மாணவர் ஒருவர் பிறந்த குழந்தையின் சராசரி எடை முப்பது கிலோ என்று எழுதிவிட்டு, "மேடம், இந்தக் குழந்தைய யாரும் தூக்க முடியாதே" என்று தானே அந்த விடையை அடித்துத் திருத்தினார். அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடைசி நோக்கம்: தெரியாவிட்டால் 'தெரியலை' என்று கை தூக்குவார். இதற்குத்தான் பாதிப் பருவம் ஆகிறது.

வகுப்பு போனால் இவர்களில் பலர் படிப்பையே விட்டுவிடுவார்கள். அது உன் கையெழுத்தில் நடந்தால் பழையபடி உன்னோடு பேச எனக்கு வராது. மிரட்டவில்லை, மனசில் இருப்பதைச் சொல்கிறேன்.

குண்டூசி

ஜூன் 20

குண்டூசிக்கு,

ஒப்பிட்டுப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. உன்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் தேறியிருக்கிறார்கள். திருப்பி அனுப்பியவர்களில் பாதிப் பேர் தேர்வு எழுதவே வரவில்லை.

தனியாக அறிக்கை எழுதவில்லை. குழுவில் உன் கடிதத்தையே படித்தேன், என்னைத் திட்டிய வரியையும் விடாமல்.  பிறகு தலைவர், "நாம எல்லாருமேதான் கழட்டி வச்சிருந்தோம் போல" என்றார். வகுப்பு தொடரும். இன்னொரு பிரிவுக்கும் அனுமதி வாங்கிவிட்டேன், இனிமேல் சீட்டுக் குலுக்க வேண்டாம்.

அந்தப் பிரிவுக்கு ஆள் தேடாதே. நானே வந்து நடத்த மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே வந்த நாளிலிருந்து மார்க்கைத்தான் பார்க்கிறேன், ஒரு மாணவர் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் நாள் மட்டும் நீ பின்பெஞ்சில் வந்து உட்காராதே. கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிடுவேன்.

உன்
கடிகாரம்