அம்மா கழுவிய தொட்டி

வெள்ளி, இரவு

வேலை முடிந்து கிள்ளான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, தண்ணீரைச் செடிகளே பார்த்துக்கொள்ளும் என்று நான் அதிகம் கைவைக்காமல் விட்டிருந்த மீன்தொட்டி பளபளத்தது. தீபாவளி வருகிறதென்று அம்மா வீட்டோடு அதையும் கழுவியிருக்கிறார். ஃபில்டர் பஞ்சைத் தேய்த்து அலசி, குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்பிவிட்டார்.

"டிகிரி முடிச்ச பொண்ணு வளர்க்கிற மீனு, பாசிக்குள்ள கெடக்குது. இப்ப பாரு."

"அழகா இருக்கும்மா," என்றேன்.

கப்பி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பசிக்குதுலா அதுங்களுக்கு," என்று தீனி டப்பாவை எடுத்தார். அது பசியல்ல, மூச்சுத் திணறல்; டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கி வைத்தேன். அவர் குளிக்கப் போனதும் குளோரினை முறிக்கும் மருந்தை ஊற்றினேன். ஆனால் தண்ணீரைக் கெடாமல் காக்கும் நல்ல கிருமிகள் அந்தப் பஞ்சில்தான் இருந்தன. செடிகள் மட்டும் போதுமா, தெரியவில்லை.

நாளெல்லாம் யாருடைய அலுவலகத்தையோ துடைப்பவர், லீவு போட்டு இதைச் செய்திருக்கிறார். மீன்கள் செத்தால் தன்னால்தான் என்று அவருக்குத் தெரியவே கூடாது. காலையில் முதலில் எழுந்து ஹாலுக்கு வருவது அவர்தான்.

அறையில் புழுக்கம் என்று சொல்லி, பாயை ஹாலில் தொட்டிக்குப் பக்கத்தில் விரித்துவிட்டேன்.